பொறந்த வீட்டுச் சேலை

ட்ராலியில ஒரு சக்கரம் இழுக்கு. நேராத் தள்ளினா இடது பக்கமே போவேங்குது, சவம். சொல்லிட்டேன். நேத்து சாயங்காலம் போன் வந்ததுல இருந்து இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லக் கூடாதுன்னு நாக்கக் கட்டிப் போட்டு வச்சிருக்கேன். உகாண்டாவுல ஏறினவன் வழி முச்சூடும் வாயே தொறக்கல. பம்பாயில எறங்கி அஞ்சு நிமிசம் ஆகல, ஒரு தள்ளுவண்டிச் சக்கரத்துக்காகச் சொல்லித் தொலைச்சுட்டேன். எங்க திருநெவேலிப் பக்கத்துக்காரனுக்கு இது ஒரு வியாதி. குழாயில தண்ணி வரலைன்னா சவம், செருப்பு வார் அறுந்தா சவம், பெத்த பிள்ளையக் கொஞ்சும்போதே சவத்துமூதின்னுதான் கொஞ்சுவோம். பிரமு அக்கா என்னை அப்படித்தான் கூப்பிடுவா. லே கைலாசம்னு கூப்பிட்டா கோவத்துல இருக்கான்னு அர்த்தம், சவத்துமூதின்னா பலகாரம் கைக்கு வரும். கூடப் பொறந்தது நாங்க ரெண்டே பேரு, எனக்கு எட்டு வயசு மூத்தவ. பதினோரு வருசமா எங்களுக்குள்ள பேச்சு கெடையாது. நேத்து அவ மகன் குத்தாலம் கூப்பிட்டான். "மாமா, அம்மாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. நீங்க பொறப்பட்டு வாங்க." அவ்வளவுதான் சொன்னான். என்ன சீக்கு, எத்தனை நாளா, ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. கேக்கப் பயம். மதுரை ப்ளேன் மூணு நாப்பதுக்கு. இப்ப மணி பதினொண்ணு பத்து. அதுவரைக்கும் இந்தச் சக்கரத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு நடக்கணும்.

எங்க பக்கம் தூரத்துல இருக்கிறவன்கிட்டச் சாவைச் சொல்ல மாட்டோம். வாற வழியில அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிரப்பிடாதுன்னு, சீரியஸ்னு மட்டும் சொல்லி வரவழைப்போம். தெருமுனையில எறங்கிப் பந்தலப் பாத்து அவனே தெரிஞ்சுக்கிடணும். சில வேளை சீரியஸ்னா சீரியஸாவே இருக்கும், அதுதான் கொல்லுது. நானே சொல்லியிருக்கேனே. அப்பா போன அன்னைக்கு, அப்பாவக் குளுப்பாட்டிக் கூடத்துல கெடத்திட்டு, அக்காவுக்குப் போன் போட்டவன் நான்தானே. "அப்பாவுக்கு லேசா முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போக்கா"ன்னேன். "போனை அப்பாகிட்டக் குடுலே"ன்னா. "இப்பந்தான் கண் அசந்தாரு"ன்னேன். எப்படிச் சொன்னேன், தொண்டை கம்மல, குரல் மாறல. அவ வாக்கப்பட்ட அம்பையில இருந்து பஸ் ஏறி வந்தா. கையில ஒரு பை நெறைய சாத்துக்குடி. தெருவுல திரும்பினதும் பந்தலப் பாத்துட்டா. ஓடல, அழல, பையைக் கையில பிடிச்சபடியே நடந்து வந்து எம் முன்னால நின்னா. "எங்கிட்டயுமாலே?"ன்னா. அதுக்கப்புறம்தான் விழுந்து அழுதா. அந்தச் சாத்துக்குடி பதினாறாம் நாள் வரைக்கும் சாமான் போடுற அரங்குவீட்டு மூலையில கெடந்து நாறிச்சு, எடுத்துப் போட யாருக்கும் கை வரல.

காப்பிக் கடை, கண்ணாடிக் கடை, பெட்டிக் கடை. பெட்டிக் கடைன்னா எங்க ஊர்ப் பெட்டிக்கடை இல்ல, சூட்கேஸ் விக்கிற கடை. பெட்டியோட வந்தவன்கிட்டயே பெட்டி விக்கான், பலே ஆளு. சனம் வாங்கவும் செய்யுது. முழங்கை வரைக்கும் செவப்பு வளையல் அடுக்கின ஒரு வடக்கத்திப் பொண்ணு, புதுசாக் கல்யாணம் ஆனது போல, புருசன் கழுத்துல மாலை மாத்துற மாதிரி, ப்ளேன்ல உறங்குற கழுத்துத் தலையணைய ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கா, அவன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கான். நல்லா இருங்க மக்கா. அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நாற்காலியில மல்லாக்க உறங்குதாரு, வாய் பொளந்து கெடக்கு. நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாத்தேன். தெரியல. கோட்டு தடிமன். கிட்டப் போனேன். இன்னும் கிட்டப் போனேன். கண்ணத் தொறந்து "க்யா?"ன்னு ஒரு அதட்டு. ஒண்ணுமில்லய்யா, நீங்க உறங்குங்க. மூச்சு விடுதாருல்ல, போதும். எனக்குக் கிறுக்குப் பிடிச்சுட்டு. காலையில இருந்து பாக்கிற ஆளையெல்லாம் மூச்சு விடுதானான்னு பாத்துக்கிட்டு வாறேன். சக்கர நாற்காலியில ஒரு பாட்டியத் தள்ளிக்கிட்டுப் போனாங்க, மடியில எவர்சில்வர் டப்பாவை ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சிருக்கா. உள்ள என்ன இருக்கும், முறுக்கா, அஸ்தியா. சீ, நெனைப்பு போற போக்கப் பாரு.

எம் பொண்டாட்டி பகவதி நேத்து ராத்திரி போன்ல, "நீங்க எதுக்கும் ஒரு சேலை வாங்கிட்டே போங்க"ன்னா. அவ கோயம்புத்தூர்ல மக வீட்டுல இருக்கா, நாளைக்குத்தான் வருவா. எதுக்கும்னா என்னட்டி எதுக்கும்னு கத்திட்டேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாதா. செத்த பொம்பளைக்குப் பொறந்த வீட்டுல இருந்து கொண்டுபோய்ப் போத்துற புதுச் சேலை. கோடின்னு சொல்லுவோம். புருசன் வீட்டுல பட்டா அடுக்கி வச்சிருந்தாலும், பொறந்த வீட்டுக் கோடி மேல விழாம ஒரு பொம்பளைய எடுக்க மாட்டாங்க. அவ அனாதையா வந்தவ இல்ல, கேக்க ஆள் இருக்குன்னு ஊருக்குக் காட்டுறது அது. எங்க வீட்டுல மிச்சம் நான் ஒருத்தன்தான். நான் கொண்டு போகலைன்னா அவளுக்கு இல்ல. மதுரையில எறங்கிட்டா குத்தாலம் அனுப்புற கார் நேரா வீட்டு வாசல்லதான் விடும். வழியில ஜவுளிக்கடையில நிறுத்துப்பான்னு அந்த டிரைவர்கிட்டச் சொன்னா அவன் மூஞ்சியப் பாத்தே எனக்கு எல்லாம் தெரிஞ்சு போவும். அவ உசிரோட இருந்தா, இருக்கும்போதே கோடி எடுத்துக்கிட்டு வந்தவன்னு ஆவேன். கூடப் பொறந்தவனே நாள் குறிச்சு வந்து நிக்கான்னு ஊர் சொல்லும். அவ இல்லைன்னா, சாக்லேட்டும் செண்டும் வாங்கிக்கிட்டு, அவ சாத்துக்குடிப் பையோட வந்து நின்ன மாதிரி நான் போய் நிக்கணும். இதுல எதை வாங்க? இந்தக் கடை வீதியில இருந்து எதைத் தூக்கிக்கிட்டுப் போக?

வாங்குனாலும் போத்த விடுவாங்களா, அது அடுத்தது. அவதான் வேண்டாம்னு சொன்னாளே. பதினோரு வருசத்துக்கு முன்னால தட்டுல பூவும் பழமும் வெத்தலையும் வச்சு எம் மக காந்திமதியக் குத்தாலத்துக்குக் கேட்டு வந்தா. முறைதான், உரிமைதான், யார் இல்லைன்னா. காந்திக்குச் சம்மதம் இல்ல, சொந்தத்துல வேண்டாம்ப்பான்னு முந்தின நாளே அழுதுட்டா. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு இஷ்டம் இல்லக்கா, மன்னிச்சுக்கோன்னு காலப் பிடிச்சிருக்கலாம். நான் என்ன சொன்னேன்? "டிராக்டர் விக்கிறவன் வீட்டுக்கு வந்து எம் பிள்ளை என்ன செய்வா, சாணி அள்ளுவாளா?"ன்னேன். குத்தாலம் வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தான். அவன் காதுல விழட்டும்னுதான் சொன்னேன். ஆமா, விழட்டும்னுதான். அக்கா தட்டைக் கீழ வச்சா. தலைய நிமித்தி, சத்தம் போடாம, நிதானமா, "நாஞ் செத்தா உங்க வீட்டுக் கோடி எம் மேல விழப்பிடாது"ன்னா. அக்கா வீட்டுக்காரரு சங்கரலிங்கம் அத்தான் கூட "ஏ பிரமு"ன்னு பதறிட்டாரு. அவ திரும்பிப் பாக்கல. குத்தாலம் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபால்ல வந்தது. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவல. வெறும் அட்டை. கடனேன்னு அனுப்பினது. அதை இன்னும் வச்சிருக்கேன்.

மணி பன்னெண்டரை. முப்பத்திரெண்டு வருசமா சர்க்கரை ஆலையில பாய்லர் பாக்கேன், இப்ப உகாண்டாவுல. பாய்லர் முகத்துல தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கும். அதுல அடைப்பு விழுந்தா பழைய மட்டத்தையே காட்டிக்கிட்டு நிக்கும். உள்ள தண்ணி வத்தி வெடிக்கப் போவுது, கண்ணாடி மட்டும் எல்லாம் சரியா இருக்குங்கும். அதனால ஷிஃப்டுக்கு ஒருதரம் அடியில உள்ள திருகத் தொறந்து ஊதவிட்டுப் பாக்கணும். தண்ணி எறங்கி மறுபடி மேல ஏறி வந்தா நம்பலாம். ஏறலைன்னா ஓடணும். குத்தாலம் குரல ஊதவிட்டுப் பாத்துரலாம்னு போன் போட்டேன். "அம்மா என்ன செய்யுதாப்பா?" "உறங்குதாங்க மாமா." "எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்கு?" "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம் மாமா." வீட்டுக்கு. "டாக்டர் என்ன சொல்லுதாரு?" "நீங்க வாங்க மாமா, பேசிக்கிடலாம்." "ஒரு வார்த்தை அவகிட்டப் போனைக் குடேன்." "இப்பந்தான் மாமா கண் அசந்தாங்க." அதே வார்த்தை. நான் சொன்ன அதே வார்த்தை. அவன் பின்னால பிளாஸ்டிக் நாற்காலி எறக்குற சத்தம் கேட்டது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருவினத இழுத்துப் பிரிச்சு வரிசையாப் போடுற சத்தம். உசிரோட இருக்கிற வீட்டுல எதுக்குடா அம்புட்டு நாற்காலி? கேக்கல. வச்சிருதேன்ப்பான்னுட்டு வச்சுட்டேன்.

செண்டுக் கடையில ஒரு பொண்ணு காகிதக் கீத்துல பீச்சி நீட்டினா. வாங்கி மோந்து பாத்தேன், மல்லியப்பூ மாதிரி ஒரு வாசம், மல்லியப்பூவோட ஊதுவத்தி சேந்தா வாற வாசம். அப்படியே அங்கயே வச்சுட்டு நகந்துட்டேன். அப்பந்தான் அவளப் பாத்தேன். முன்னால ஒரு பொம்பளை போறா, குட்டை உருவம், நரைச்ச கொண்டை, இடது காலைக் கொஞ்சம் அகட்டி வச்சு நடக்கா. அச்சு அசல் அக்கா. தெரியும் எனக்கு, அவ இல்லைன்னு நல்லாத் தெரியும், அம்பையில கெடக்கிறவ பம்பாயில எப்படி நடப்பா. ஆனாலும் கால் பின்னாலயே போவுது. புஸ்தகக் கடைக்குப் போனா, போனேன். பொம்மைக் கடையில ஒரு யானையத் தூக்கிப் பாத்தா, நானும் ஒண்ணத் தூக்கினேன். அவ முகத்த மட்டும் பாக்காம இருக்கணும், பாக்கிற வரைக்கும் அது அக்காதான்னு ஒரு நெனப்பு. ஒரு துணிக்கடை வாசல்ல சட்டுனு திரும்பிட்டா. மூக்குக் கண்ணாடி, நெத்தியில நீளப் பொட்டு, யாரோ ஒரு மராட்டிக்கார டீச்சர் போல. என்னப் பாத்து மொறைச்சா. மன்னிச்சுக்கோ தாயேன்னு தமிழ்லயே சொல்லி, தப்பிக்கணும்னு அந்தக் கடைக்குள்ளயே நொழைஞ்சேன். நொழைஞ்சா, சுவரு பூராவும் சேலை.

உள்ள நின்ன பொண்ணுக்கு இருபத்தஞ்சு இருக்கும். நான் "சும்மா பாக்கேன்"னு இந்தியில தட்டித் தடவினதும் சிரிச்சுட்டா. "தமிழா அண்ணாச்சி? எங்களுக்கும் நாங்குநேரிதான், பொறந்து வளந்ததெல்லாம் தாராவி." பேரு சட்டையில குத்தியிருக்கு, சுயம்புக்கனி. இந்தக் கண்ணாடி ஊருக்குள்ள இப்படி ஒரு பேரு. கண்ணு கலங்கிட்டு எனக்கு. "யாருக்கு அண்ணாச்சி பாக்கணும்?" அக்காவுக்குன்னேன். "வயசு?" அறுவத்தாறு. "நிறம் எப்படி இருப்பாங்க?" மாநிறம். "எந்தக் கலர் விரும்பிக் கட்டுவாங்க?" தெரியலையேம்மா. சின்ன வயசுல இருந்து அவ சாப்பாடு போட்டு வளந்தவன், அவளுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டா முழிக்கேன். தீவாளிக்குத் தீவாளி சேலை கொண்டுபோய்க் குடுத்திருக்கேன், எல்லாம் பகவதி எடுத்தது, நான் கவரத் தூக்கிட்டுப் போனதோட சரி. "அத்தான் இருக்காங்கள்லா?" இருக்காருன்னேன். என்னென்னமோ எடுத்துப் போட்டா, நீலம், மஞ்சள், பச்சை, கத்திரிப்பூ. எல்லாத்தையும் உடுத்தி நிக்கிற அக்காவ நெனைச்சுப் பாத்தேன். ஒண்ணுலயும் நிக்க மாட்டேங்கா, படுத்துக்கிடுதா. எங்கம்மா போனப்ப மாமா கொண்டு வந்து போத்தினது அரக்கு. அது மட்டும் ஞாபகம் இருந்தது. "அரக்கு எடும்மா." எடுத்தா. "என்ன விசேசம் அண்ணாச்சி, வீட்டுல கல்யாணமா?" பொறந்த வீட்டுச் சேலைன்னேன். அந்தப் பிள்ளை ஒரு நிமிசம் எம் முகத்தப் பாத்தா. எங்க ஊர் ரத்தம்லா, அவளுக்குப் புரிஞ்சு போச்சு. கையில எடுத்த மினுமினு காகிதத்தக் கீழ வச்சுட்டா. "மடிப்பு கலையாம அப்படியே வச்சுத் தாரேன் அண்ணாச்சி. வேற கலர் வேணும்னா பொறப்படுறதுக்குள்ள வாங்க, மாத்திக்கிடலாம்." இதைப் போய் மாத்துவாங்களாம்மா?

ப்ளேன் ஏறுற இருபத்தொம்பதாம் நம்பர் வாசல்ல வந்து உக்காந்தேன். மணி மூணாகப் போவுது. பை மடியில இருக்கு. கீழ வைக்க மனசு வரல, மடியிலயும் இருப்புக் கொள்ளல. வாங்கிட்டேனே, இப்ப அவளக் கொன்னுட்டேனா? வாங்கறதுக்கு முந்தி இருந்திருப்பாளோ, நான் அரக்குன்னு சொன்ன அந்த நேரத்துல போயிருப்பாளோ. இதெல்லாம் படிச்சவன் நெனைக்கிற நெனைப்பா. தெரியுது, ஆனாலும் நெனைக்கேன். எதித்த நாற்காலியில ஒரு அக்காளும் தம்பியும் ஒரே பொட்டலத்துல சிப்ஸ் தின்னுதுகள், அவ எண்ணி எண்ணிக் குடுக்கா, அவன் அவ பாக்காத நேரம் ரெண்டு எடுக்கான். அவ பாக்கத்தான் செய்யுதா. போத்தப் போகும்போது குத்தாலம் கையப் பிடிச்சுத் தடுத்தா என்ன செய்வேன்? எங்கம்மா வேண்டாம்னு சொல்லியிருக்கா மாமான்னு நாலு பேர் முன்னால சொன்னா? சொல்லட்டும். சாணி அள்ளுவாளான்னு நான் நாலு பேர் முன்னாலதான சொன்னேன். தடுத்தா, அவ கால்மாட்டுல வச்சுட்டு வந்துருவேன். அவ்வளவுதான் எனக்குள்ளது.

போன் அடிச்சது. அத்தான். பதினோரு வருசத்துல அத்தான் என்னைக் கூப்பிட்டதே இல்ல. சொல்லப் போறாரு. எடுக்காம அடிக்கட்டும்னு விட்டேன். நின்னுட்டு. மறுபடி அடிச்சது. எடுத்தேன்.

"மாப்ளே, எங்க இருக்கே?"

"பம்பாயில அத்தான்."

"ஆள் பாக்க வந்து போயி ஒரே சத்தம். வாடகை நாற்காலி வேற கொண்டாந்து போட்டிருக்கான் இவன். முழிப்பு வந்ததுல இருந்து ஒன்னையே கேட்டுக்கிட்டிருக்கா. இரு, காதுல வைக்கேன்."

ஒரு மூச்சு. இழுத்து, நின்னு, மறுபடி இழுக்கிற மூச்சு. உலகத்துல அதவிட நல்ல சத்தம் நான் கேட்டதில்ல.

"லே கைலாசம்."

"யக்கா." அழுதுட்டேன். சிப்ஸ் தின்ன பிள்ளைக ரெண்டும் வாயப் பொளந்து பாக்குது. பாக்கட்டும்.

"அழாதலே சவத்துமூதி. செத்துட்டேன்னு நெனச்சியாக்கும்?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. அன்னைக்கும் பொய்தான் சொன்ன." மூச்சு வாங்கினா. "டாக்டர் மூணு நாளோ நாலு நாளோங்கான். எங்கிட்டச் சொல்லல, எனக்குத் தெரியாதா. சேலை வாங்கினியா?"

"யக்கா, என்ன கேக்க நீ?"

"கோடிலே. அன்னைக்கு என்னமோ வாயில வந்ததச் சொல்லிட்டேன். அதையே மனசுல பிடிச்சுக்கிட்டு வெறுங்கையோட வந்து நின்னுராத. பொறந்த வீட்டுச் சேலை இல்லாம என்னை எப்படிலே அனுப்புவ?"

"வாங்கிட்டேன்க்கா. நான் பேசினதுதான்க்கா தப்பு. குத்தாலத்த நான்..."

"அதை அவங்கிட்டச் சொல்லு, எங்கிட்ட என்னத்துக்கு. என்ன கலரு?"

"அரக்கு."

மூச்சுச் சத்தம் நின்ன மாதிரி இருந்தது. போயிட்டாளோன்னு எந்திரிச்சு நின்னுட்டேன்.

"அரக்கு எனக்கு எடுக்காதுலே. கருப்பாக் காட்டும். பச்சை பாரு. கரை நல்லாப் பெருசா இருக்கட்டும்."

அத்தான் போனை வாங்கி, "அசந்துட்டா மாப்ளே, நீ வா"ன்னாரு. மதுரைக்காரங்களுக்கு வரிசை போட ஆரம்பிச்சிருந்தாங்க. ட்ராலிய அங்கயே விட்டுட்டு, பையத் தூக்கிக்கிட்டு, வந்த வழியே ஓடினேன். அம்பத்தெட்டு வயசுக்காரன் ஓட்டம். செண்டுக் கடை, பொம்மைக் கடை, புஸ்தகக் கடை எல்லாம் ரெண்டு பக்கமும் போவுது. சுயம்புக்கனி என்னப் பாத்ததும் பயந்து எந்திரிச்சுட்டா. பையை அவ முன்னால வச்சேன், மூச்சு வாங்கிச்சு.

"என்ன அண்ணாச்சி? மாத்தணுமா?"

"பச்சை வேணும்மா. பெரிய கரையா. அரக்கு பிடிக்கலையாம்."

"யாரு சொன்னா?"

"அவளே சொன்னா."

அந்தப் பிள்ளை அலமாரியில இருந்த பச்சை அத்தனையையும் எடுத்து விரிச்சா. ப்ளேன் ஏற எம் பேரச் சொல்லி மைக்குல கூப்பிட்டாங்க. நான் ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன்.